வார்டு முதல் கோட்டை வரை: கொங்கு நாட்டு உள்ளூர் அரசியல்வாதியின் பொதுவாழ்வு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூர் அரசியல்வாதி என்று இங்கே யாரைக் குறிப்பிடுகிறோம்?

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் வட்டாரங்களில் மாமன்ற உறுப்பினராகவோ நகர்மன்றத் தலைவராகவோ ஒன்றியக் குழு உறுப்பினராகவோ இருந்து, அங்கிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர்களையும் போக முயன்றவர்களையும், சில சமயம் சட்டமன்றத்திலிருந்து மாநகராட்சிக்குத் திரும்பியவர்களையும் குறிப்பிடுகிறோம். இவர்கள் வகித்த பதவிகளின் பட்டியல் துண்டறிக்கைகளிலும் பிளக்ஸ் பேனர்களிலும் குறைவில்லாமல் அச்சாகிறது. எந்தப் பதவியில் இருந்தபோது எதைச் செய்யும் அதிகாரம் அவருக்கு இருந்தது என்பதுதான் அதில் இருப்பதில்லை. வாக்காளர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

இவர்கள் எங்கிருந்து தொடங்குகிறார்கள்?

பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கட்சி வழி: கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று ஏறி, உள்ளாட்சிப் பக்கமே போகாமல் நேராகச் சட்டமன்றத்துக்கு நிற்பது. எடப்பாடி பழனிசாமி சிலுவம்பாளையத்தில் கிளைச் செயலாளராகத் தொடங்கி 1989இல் எடப்பாடியிலிருந்து சட்டமன்றம் சென்றவர். 2017 பிப்ரவரியில் முதலமைச்சரானார். மற்றொன்று உள்ளாட்சி வழி. எஸ்.பி. வேலுமணி 2001இல் குனியமுத்தூர் உள்ளாட்சியின் தலைவராகி, 2006இல் பேரூர் தொகுதியில் வென்று, பிறகு நகராட்சி நிர்வாகத் துறையின் அமைச்சராகவே ஆனார். இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு: அவர் தலைவராக இருந்த குனியமுத்தூர் 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைந்து, தனி உள்ளாட்சி என்ற நிலையை இழந்துவிட்டது. பேரூர் தொகுதியும் தொகுதி எல்லைகளின் மறுசீரமைப்பில் போய்விட்டது. பழைய பதவிப் பட்டியல்களில் இன்று வரைபடத்தில் இல்லாத ஊர்களும் தொகுதிகளும் வருவதற்கு இதுவே காரணம்.

இந்த இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்றும் ஓடுகிறது. பால் உற்பத்தியாளர் சங்கம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், நெசவாளர் சங்கம், கோயில் திருப்பணிக் குழு ஆகியவற்றின் பொறுப்புகள் அரசியல் பதவிகள் ஆகமாட்டா. ஆனாலும் ஓர் ஊரில் யார் யாருக்குக் கடன் தேவை, யார் வீட்டு மாட்டுக்கு என்ன வியாதி என்பது வரை தெரிந்தவர் தேர்தலில் நிற்கும்போது, அவருக்குத் தனியாக அறிமுகம் தேவைப்படுவதில்லை.

நகராட்சியிலிருந்து மேலே சென்றவர்கள் முற்காலத்திலும் இருந்தார்களா?

இருந்தார்கள், இப்போதைவிடப் பெரிய அளவில் இருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். 1917 வாக்கில் இந்த வட்டாரத்தின் மூன்று நகராட்சிகளில் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் வியப்பு ஏற்படும். சேலம் நகராட்சித் தலைவர் ராஜாஜி. ஈரோடு நகராட்சியின் தலைமைக்கு ஏறத்தாழ அதே காலத்தில் வந்தவர் ஈ.வெ. ராமசாமி, கோவை நகராட்சியின் உறுப்பினராகி, பிறகு துணைத் தலைவரானவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். ராஜாஜி 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமராகவும் 1952இல் முதலமைச்சராகவும் ஆனார். பெரியார் 1919இல் நகராட்சித் தலைமை உட்படத் தாம் வகித்த பொதுப் பதவிகளைத் துறந்து காங்கிரசில் சேர்ந்து, பின்னர் எந்தப் பதவியும் வேண்டாத அரசியலைத் தேர்ந்தார். சண்முகம் செட்டியார் 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கும், அங்கிருந்து மத்தியச் சட்டசபைக்கும் போய், அதன் தலைவராகி, கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்து, 1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சரானார். அவ்வளவுக்கும் பிறகு 1952இல் சென்னைச் சட்டப்பேரவைக்குச் சுயேச்சையாக வந்து சேர்ந்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

அக்கால நகராட்சித் தலைவர்களுக்கு இருந்த செயலுரிமை இக்கால மேயர்களுக்கு இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேலம் நகராட்சிக்கு முதன்முதலாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் உறுப்பினராக வந்தது ராஜாஜியின் காலத்தில்தான். ஈரோட்டின் குடிநீர்த் திட்டம் பெரியாரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. கோவையில் சிறுவாணி நீரை நகருக்குக் கொண்டுவந்ததில் முன்னின்ற நகராட்சித் தலைவர் ரத்தினசபாபதி முதலியார், ஆர்.எஸ்.புரம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் ரத்தினசபாபதிபுரம் அவர் பெயரால்தான் வழங்குகிறது. ஆனால் சிறுவாணி யோசனை அவருக்கும் முந்தையது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சே.ப. நரசிம்மலு நாயுடு அதை வலியுறுத்தி வந்தார். ஒரு திட்டத்துக்கு ஒரே ஒரு தந்தையைத் தேடுவது அப்போதே சரிவராத வேலையாக இருந்திருக்கிறது.

மாமன்ற உறுப்பினருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

தனி ஆளாக மிகக் குறைவு. மன்றத்தின் ஒரு வாக்காகத்தான் அவருக்கு அதிகாரம். கோவையில் 100 வார்டுகள், திருப்பூர், ஈரோடு, சேலம் ஆகியவற்றில் தலா 60 வார்டுகள் உள்ளன. கோவை மாமன்றம் கூடுவது டவுன்ஹாலில் உள்ள விக்டோரியா ஹாலில். கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களுக்குத் தரப்படும் பொருள் பட்டியலைக் கையில் வாங்கிப் படித்துப் பார்ப்பவர்களுக்கு நகர ஆட்சியின் இயல்பு ஓரளவு புரிந்துவிடும். ஒப்பந்தப்புள்ளியை ஏற்பது, சாலைப் பணிக்கு மதிப்பீடு, பணியாளர் ஓய்வு, குத்தகை நீட்டிப்பு என்று பொருள் எண்கள் நீண்டுகொண்டே போகும். கணிசமானவற்றின் இறுதி வரி, அரசின் அனுமதிக்குக் கருத்துரு அனுப்பலாம் என்றோ, அரசு ஆணையை மன்றத்தின் பதிவுக்கு வைக்கலாம் என்றோ முடியும். முதல் வகையில் மன்றம் கேட்கிறது; இரண்டாம் வகையில் மன்றத்துக்குத் தெரிவிக்கப்படுகிறது. ஓர் உறுப்பினர் ஐந்தாண்டுகளில் என்ன செய்தார் என்பதை அளக்க, அவர் எந்தப் பொருள் எண்ணுக்கு எழுந்து பேசினார், எதற்கு ஆட்சேபம் பதிவு செய்தார் என்று பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. கூச்சல் போட்டு வெளிநடப்புச் செய்வது மறுநாள் செய்தித்தாளுக்கு உதவும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அது ஒரு வரிதான்.

வார்டுக்குள் அவருடைய வேலை வேறுவிதமானது. எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் திறக்கிறார்கள், எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி எந்தச் சந்தில் திரும்ப மாட்டேன் என்கிறது என்பவையே அவருடைய காலைப் பொழுது. சட்டம் இதை அவருடைய கடமையாக எங்கும் இப்படி எழுதி வைக்கவில்லை; ஆனால் மறுமுறை சீட்டுக் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

மேயர் பெரியவரா, ஆணையர் பெரியவரா?

மரியாதையில் மேயர், கையெழுத்தில் ஆணையர். செயல் அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. மன்றம் தீர்மானிக்கலாம், நிறைவேற்றுவது அவர். மன்றத்துக்கு மேலே நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை இருக்கிறது.

2022ஆம் ஆண்டின் சொத்து வரி உயர்வை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்து, மார்ச்சில் புதிய மன்றங்கள் பொறுப்பேற்றன. ஏப்ரல் தொடக்கத்திலேயே மாநில அரசு உயர்வை அறிவித்தது. கோவை போன்ற மாநகராட்சிகளில் வீடுகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை உயர்வு. மத்திய நிதிக் குழுவின் மானியத்துக்கு இது நிபந்தனை என்று காரணம் சொல்லப்பட்டது. பிறகுதான் மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றின. பதவிக்கு வந்த சூட்டிலேயே வரியை ஏற்றிய கவுன்சிலர் என்ற பழி உறுப்பினர்கள் தலையில் விழுந்தது. விகிதத்தை நிர்ணயித்தவர்கள் அவர்கள் அல்லர். அதற்காக அவர்களை முழுதும் விட்டுவிடவும் முடியாது. ஆட்சேபம் பதிவு செய்ய அவர்களுக்கு உரிமை இருந்தது.

மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்களா?

விதி பலமுறை மாறியிருக்கிறது. 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள்; 2006, 2022 தேர்தல்களில் உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். நேரடியாக வென்ற மேயருக்கு நகரம் முழுவதும் வாக்கு உண்டு. அவர் சட்டமன்ற உறுப்பினரோடு சரிசமமாக நின்று பேச முடியும். மறைமுகமாக வந்தவர் ஒரு வார்டின் உறுப்பினர், கட்சித் தலைமையின் தேர்வு. மாவட்டச் செயலாளர் முகம் சுளித்தால் அவர் நாற்காலி ஆடும். ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ‘முன்னாள் மேயர்’ என்று இருந்தால், எந்த ஆண்டு என்று பார்ப்பது அதனால்தான் அவசியம்.

மேயராக இருந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

கோவையில் தா. மலரவன் 2001இல் மேயராகிப் பின்னர் சட்டமன்றத்துக்குச் சென்றார். செ.ம. வேலுசாமியின் பயணம் எதிர்த்திசையில் அமைந்தது: பல்லடத்தின் சட்டமன்ற உறுப்பினராக இருந்துவிட்டு 2011இல் மேயரானார். 2014 இடைத்தேர்தலில் அ.தி.மு.க. சார்பில் மேயரான கணபதி ப. ராஜ்குமார் 2024இல் தி.மு.க. சார்பில் கோவையின் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆக, ஒரே படிக்கட்டு என்று ஒன்று இல்லை.

முன்பு இன்னொரு வாயில் இருந்தது. சட்ட மேலவையின் இடங்களில் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்களே வாக்களித்து நிரப்பினார்கள். 1986 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் மேலவை கலைக்கப்பட்டதோடு அது மூடப்பட்டது. நல்ல உள்ளாட்சி அனுபவம் உள்ளவர், தெருத்தெருவாக வாக்குக் கேட்டு வெல்லும் வலிமை இல்லாவிட்டாலும், மாநில அவையில் பேச இடம் பெறும் வாய்ப்பு அதன்பின் இல்லை. அந்த வழி திறந்திருந்தால் நகர ஆட்சி குறித்துச் சட்டமன்றத்தில் இன்னும் விவரமாகப் பேசப்பட்டிருக்கும் என்பது இப்பக்கத்தின் கருத்து, மறுப்பவர்களும் உண்டு.

ஒருவரே மேயராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருக்கலாமா?

கூடாது. 2002இல் கொண்டுவரப்பட்ட சட்டத்திருத்தம் அதைத் தடுத்தது. அப்போது சென்னையில் இரண்டு பதவிகளையும் வகித்து வந்த மு.க. ஸ்டாலின் மேயர் பதவியை இழந்தார்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கேட்க வேண்டும்?

கொங்கு நாட்டில் ஓர் அரசியல்வாதியின் பெயர் நிலைப்பதும் கெடுவதும் தண்ணீரால்தான். அதனால் இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பக்கத்துத் தெருவுக்கு வந்து உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் அது வார்டுச் சங்கதி: வால்வு, அடைப்பு, திறக்கும் நேரம் ஆகியவற்றுள் ஒன்று. மாமன்ற உறுப்பினரையும் மண்டல அலுவலக உதவிப் பொறியாளரையும் கேட்கலாம். ஒரு பகுதி முழுவதற்கும் முறை நாள் தள்ளிப்போகிறது என்றால் அது மேல்நிலைத் தொட்டியையும் பகிர்மானக் குழாயையும் சார்ந்தது. மன்றமும் ஆணையரும் பதில் சொல்ல வேண்டும். நகரம் முழுவதற்குமே குறைகிறது என்றால், விஷயம் நகரத்தின் கையில் இல்லை.

சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். 1973இல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கோவைக்கு நீர் வருகிறது. அணையில் எந்த உயரம் வரை தேக்குவது என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் எழும் பிரச்சினையை வார்டு உறுப்பினர் எவரும் தீர்க்க முடியாது. மேயர் கடிதம் எழுதலாம். பேச வேண்டியது மாநில அரசு. பில்லூர்த் திட்டங்களின் நீர் பவானி ஆற்றிலிருந்து வருகிறது. அதைக் கட்டமைத்தது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், அதாவது மீண்டும் மாநிலம். ஆழியாறு, பரம்பிக்குளம் பற்றிய பேச்சும் மாநிலங்களுக்கு இடையிலானதுதான்.

நொய்யலும் அப்படியே. சாயக்கழிவால் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டபோது திருப்பூரின் உள்ளாட்சியைத் திட்டியவர்கள் பலர். ஆலைகளுக்கு இசைவு தருவதும் மறுப்பதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கையில் இருந்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம்.

ஆகவே, ‘நான் தண்ணீர் கொண்டுவந்தேன்’ என்று ஒருவர் சொன்னால், எந்தக் குழாயை என்று கேட்பது நியாயம்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைக் கொண்டுவந்தது யார்?

அரை நூற்றாண்டுக்கும் மேலான கோரிக்கை அது. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்த விவசாயிகளும் பொதுமக்களும் அதை மீண்டும் முன்னுக்குத் தள்ளினார்கள். 2019 பிப்ரவரியில் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார்; 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். சுமார் 1,916 கோடி ரூபாய் செலவில், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் பவானியின் உபரி நீரை ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளில் நிரப்புவது திட்டம். இவ்வளவையும் சேர்த்துச் சொல்லாத பேனர் எதுவாயினும் அரைக்கணக்குதான். உள்ளூர் அரசியல்வாதியின் பங்கைத் தேடுவோர், அடிக்கல்லில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டு, தம் ஒன்றியத்தின் குட்டைகள் அந்த 1,045க்குள் இடம்பெற அவர் ஏதேனும் செய்தாரா, நீர்வழி ஆக்கிரமிப்பை எடுக்கத் துணை நின்றாரா என்று விசாரிக்கலாம். வாக்குக்குக் கேடு என்று பலர் தொடாத வேலை அது.

பெண் உறுப்பினர் இருக்க, அவர் கணவரே கூட்டம் நடத்துகிறாரே?

நடக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. உள்ளாட்சிகளில் மகளிருக்கான 33 சதவீத ஒதுக்கீடு 2016இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கோவைக்கு முதல் பெண் மேயராக 2022இல் கல்பனா ஆனந்தகுமார் வந்தார். 2024இல் அவர் விலகியபின் ரங்கநாயகி ராமச்சந்திரன் பொறுப்பேற்றார். வார்டு சுழற்சியால் வாய்ப்பிழந்த கணவர் மனைவியை நிறுத்துவது ஒரு வகை. அப்படி வந்து, முதல் ஆண்டு தலையாட்டிவிட்டு, மூன்றாம் ஆண்டு தாமே கோப்பைக் கேட்டு வாங்கிப் படிப்பவர் மற்றொரு வகை. மன்றத்துக்குள் கணவருக்கு நாற்காலி இல்லை. அங்கே எழுந்து பேசுபவர் யார் என்பதே சான்று.

சாதி எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது?

சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளர் தேர்வை வெகுவாகத் தீர்மானிக்கிறது. பொதுத் தொகுதிகள் பலவற்றில் பெரிய கட்சிகள் இரண்டும் கொங்கு வேளாளக் கவுண்டர் சமூகத்தவரையே எதிரெதிராக நிறுத்துவதால், முடிவு வேறு காரணங்களால் அமைகிறது. நகர வார்டுகளில் நாயுடு, தேவாங்கர், முதலியார், அருந்ததியர், இஸ்லாமியர், பிழைப்புக்கு வந்து குடியேறியோர் என்று கலப்பு அதிகம். அங்கே உறுப்பினராவது ஒப்பீட்டளவில் எளிது, அங்கிருந்து மேலே போவதுதான் கடினம்.

தனித்தொகுதி அரசியல்வாதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ப. தனபால் 1977இல் சங்ககிரியில் வென்றவர். மறுசீரமைப்பில் சங்ககிரி பொதுத்தொகுதியானபின் 2011இல் ராசிபுரத்திலும், 2016இலும் 2021இலும் அவிநாசியிலும் வென்றார். 2012 முதல் 2021 வரை பேரவைத் தலைவராக இருந்தார். தொகுதி மாறிமாறி நின்றவர் என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். சங்ககிரியைப் பொறுத்தவரை தொகுதிதான் அவருக்கடியில் மாறியது.

சம்பளம் எவ்வளவு?

2023 ஜூலை முதல் மாதந்தோறும் மேயருக்கு 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000, நகர்மன்ற உறுப்பினருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 என மதிப்பூதியம் தரப்படுகிறது. சட்டமன்ற உறுப்பினருக்கு 2017இல் மாதம் 1,05,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதோடு தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்க்குப் பணிகளைப் பரிந்துரைக்கலாம். நிழற்குடைகளில் எம்.எல்.ஏ. பெயர் பெரிதாக இருப்பதும், வார்டு உறுப்பினர்கள் கோட்டையைப் பார்த்தபடியே இருப்பதும் இதனால்தான். வார்டுக்கு அப்படித் தனி நிதி இருந்தால் பலர் ஊரிலேயே தங்கிவிடுவார்கள்.

2016 முதல் 2022 வரை எங்கள் நகரத்துக்கு உறுப்பினரே இல்லாதது போல் இருந்ததே?

இல்லாதது போல் அல்ல, இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து நகர்ப்புறத் தேர்தல் 2022இல்தான் நடந்தது. இடையில் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். கோவையில் குளக்கரைகள் உட்பட ஸ்மார்ட் சிட்டிப் பணிகள் பெருமளவில் நடந்தது இந்த இடைவெளியில்தான். அக்காலப் பணிகளை எந்தக் கவுன்சிலரும் தம் சாதனையாகச் சொல்ல முடியாது; குறை சொல்வோரும் அவர்களைச் சுட்ட முடியாது. ஊரகத்திலும் இப்போது அதே கதை: 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் போயின.

கட்சி மாறினால் பதவி போய்விடாதா?

கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மட்டுமே பொருந்தும். மாமன்ற உறுப்பினர் மாலையில் துண்டை மாற்றிக்கொண்டாலும் மறுநாள் அந்த அட்டவணை அவரைத் தொடாது. கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினரும் தலைவரும் கட்சிச் சின்னம் இல்லாமலே நிற்கிறார்கள் என்பதால் அங்கே இந்தக் கேள்வியே எழாது. யார் எந்தக் கட்சி என்பது ஊருக்குத் தெரியும், வாக்குச்சீட்டுக்குத் தெரியாது.

ஒருவருடைய சொத்து, வழக்கு, பழைய தேர்தல் முடிவுகளை எங்கே பார்ப்பது?

சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் வேட்புமனுவோடு படிவம் 26இல் உறுதிமொழிப் பத்திரம் தருகிறார்கள். இந்தியத் தேர்தல் ஆணையம் அதை இணையத்தில் வெளியிடுகிறது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் வெவ்வேறு ஆணையங்கள் என்பதால் ஒன்றில் தேடிக் கிடைக்காதது மற்றொன்றில் இருக்கலாம். படிக்கும்போது ஒரே பத்திரத்தோடு நிறுத்தாமல், அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களின் பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும். நிலுவையிலுள்ள வழக்குகளின் விவரம் தனிப் பகுதியாக இருக்கும். மறியல், தடையை மீறிக் கூடியது போன்ற வழக்குகளையும் மற்றவற்றையும் பிரித்துப் படிக்க வேண்டும். நிலத்தைப் பொறுத்தவரை, வாங்கிய நாளும் அன்றைய விலையும் எழுதப்பட்டிருக்கும். அந்த நாளில் அவர் எந்தப் பதவியில் இருந்தார் என்பதை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு மேலே படிக்கலாம்.